மின்ட் மார்க்கைக் கடைசியில் பார்ப்பவர்கள்

நாணயம் சேகரிப்போரும் அவற்றை வாங்கி விற்போரும் கூடும் இடங்களில் போலிக்காசுகளைப் பற்றி வழங்கும் கேலிப்பேச்சு, வெளியிலிருந்து கேட்பவருக்கு வெறும் அரட்டையாகத் தோன்றினாலும், இத்தொழிலின் அறிவு மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் சென்று சேரும் வழிகளுள் அதுவே முதன்மையானது. விலைப்பட்டியல் நூல்கள் ஒரு காசின் ஆண்டையும் உலோகத்தையும் சந்தை மதிப்பையும் தருகின்றனவே ஒழிய, அதன் போலி எப்படியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் நூல்கள் தமிழில் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்வது, மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நான்கைந்து பேர் ஒரு காசைக் கைமாற்றிப் பார்த்தபடி சொல்லிச் சிரிக்கும் ஒற்றை வரிகளாகும். அவை ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைமுறை பொதிந்திருக்கிறது என்பதும், அவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் குறியை முதலில் நம்பக்கூடாது என்ற ஒரே பாடமே அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதும் இக்கட்டுரையாசிரியரின் நீண்டகால அனுபவத்தில் உறுதிப்பட்டவை.

இங்கே குறி என்பது ஒரு காசு எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிற்றடையாளம். சேகரிப்போர் இதை மின்ட் மார்க் என்றே வழங்குகின்றனர். இன்றைய இந்தியக் காசுகளில் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அடித்தது, புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது. கொல்கத்தா சாலை மட்டும் எந்தக் குறியும் இடுவதில்லை. உள்நாட்டுச் சாலைகளால் தேவையை ஈடுகட்ட முடியாத காலங்களில் வெளிநாடுகளில் அடித்து வரவழைத்த காசுகளும் உண்டு. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து காணப்பட்டால் அது பர்மிங்காமின் ஹீட்டன் சாலையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது லாகூரில் அடித்த காசுகள் ‘எல்’ என்ற எழுத்தைத் தாங்கின. அச்சு செதுக்கிய கலைஞரும் சாலைத் தலைவரும் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிப்பது இன்னொரு வகை: 1835 என ஆண்டிட்ட நான்காம் வில்லியம் ரூபாயில் மன்னரின் கழுத்து வெட்டுப்பகுதியில் ‘ஆர்.எஸ்.’ என்றோ ‘எஃப்’ என்றோ இருந்தால், அவை கொல்கத்தா சாலைத் தலைவர்களாக இருந்த ராபர்ட் சாண்டர்ஸ், வில்லியம் நெய்ர்ன் ஃபோர்ப்ஸ் ஆகியோரைக் குறிக்கின்றன. 1840ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயில் காணப்படும் ‘டபிள்யூ.டபிள்யூ.’ உருவத்தைச் செதுக்கிய வில்லியம் வயானுடையது.

ஒரே மதிப்பும் ஒரே ஆண்டும் கொண்ட காசு, சாலை மாறினால் விலையும் மாறும் என்பதே போலிக்காரர்களின் கவனம் இச்சிறு குறிகள்மேல் விழக் காரணம். ஒரு சாலை ஏராளமாக அடித்த ஆண்டில் மற்றொரு சாலை மிகக் குறைவாக அடித்திருக்கக்கூடும். அப்போது முழுக் காசையும் போலியாகச் செய்யத் தேவையில்லை, உண்மையான காசில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலோ ஒரு வைரத்தைத் தேய்த்தெடுத்தாலோ போதும். அவ்வாறு குறி நீக்கிய காசு கைக்கு வந்தால், “அரத்தை வெச்சே மும்பையிலேருந்து கொல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்துட்டான்” என்று மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டு அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். கேட்டவர் சிரித்துக்கொண்டே ஆண்டு எண்ணுக்குக் கீழுள்ள வெற்றுப்பரப்பை லென்ஸில் பார்க்கத் தொடங்குகிறார். அன்றிலிருந்து, குறியே இல்லாத காசாயினும் குறி இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிடுகிறது.

அந்த இடத்தில் பார்க்கவேண்டியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். காசு அடிக்கப்படும்போது வெற்று வில்லை இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே பெரும் அழுத்தத்தில் நசுங்குகிறது. அப்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவுவதால், பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் ஆரைபோல ஓடுகின்றன. புழங்காத காசை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரமாகச் சுழல்வது இக்கோடுகளால்தான். ஒரு குறியைத் தேய்த்தெடுத்தாலோ புதிதாக ஒட்டவைத்தாலோ கோடுகள் அந்த இடத்தில் அறுபடும், ஒளி அங்கே வந்ததும் நின்றுவிடும். ஒட்டவைத்த குறியின் அடியில் மயிரிழைபோன்ற பிளவும் பற்றாசின் நிற வேறுபாடும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸிலேயே தெரியும். குறியின் வடிவத்தை எவரும் படம் பார்த்துச் செய்துவிடலாம். அதைச் சுற்றியுள்ள உலோகத்தின் ஓட்டத்தை மீண்டும் உண்டாக்க வேண்டுமானால் முழுக் காசையும் அச்சிலிட்டே அடித்தாக வேண்டும்.

இந்தியச் சேகரிப்போரிடையே இவ்வகை வேலைக்கு அதிகம் உள்ளாவது 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். அதுவரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது நூற்றுக்கு 91.7 பங்கு இருந்தது. 1940இல் அது காசின் எடையில் பாதியாகக் குறைக்கப்பட்டு, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றால் நிரப்பப்பட்டது. கூடுதல் வெள்ளி கொண்ட பழைய ரூபாய்களுக்கு உலைக்களமே முடிவாயிற்று. 1939 என ஆண்டிட்டவை மிகச் சிலவே எஞ்சின. ஆனால் 1938ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைப்பது, வடிவமும் அதேதான். ஆகவே எட்டின் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் செதுக்கி ஒன்பதாக்குவது போலிக்காரருக்குக் கைவந்த வேலையாயிற்று. “முப்பத்தொன்பதுல பொறந்த ரூபாயைவிட முப்பத்தொன்பது ஆக்கின ரூபாய்தான் ஜாஸ்தி” என்பது இக்காசு மேசைக்கு வரும்போதெல்லாம் எழும் பேச்சு.

இதைச் சோதிக்கும் முறையை நேரில் பார்ப்பவருக்கு முதலில் வியப்பளிப்பது, அனுபவமுள்ளவர் ஆண்டு எண்ணைக் கடைசியிலேயே பார்க்கிறார் என்பது. காசை முதலில் அவர் தராசில் வைக்கிறார். ரூபாய் என்பது ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், தேய்ந்த காசு சிறிது குறையலாம். அடுத்து நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கத் தொங்கவிட்டு மறுபடி எடை காண்கிறார். உயர்தர வெள்ளியாக இருந்தால் ஏறத்தாழ 1.13 கிராம் குறையும், பாதி வெள்ளியாக இருந்தால் 1.22 கிராம் அளவுக்குக் குறையும், பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் குறைவு இன்னும் மிகும். ஒப்படர்த்தி எனப்படும் இச்சோதனைக்கு நுட்பமான தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும், காசுக்கு எந்தச் சேதமும் இல்லை. பிறகு விளிம்பு: 1939 வரை ரூபாயின் விளிம்பில் நெருக்கமான நேர்க்கோடுகள் மட்டுமே உண்டு, 1940 முதல் வெள்ளி குறைந்ததால் கள்ளக்காசு பெருகலாம் என்றஞ்சி, அக்கோடுகளின் நடுவே பாதுகாப்புப் பள்ளம் ஒன்று காசைச் சுற்றி ஓடும்படி செய்தனர். எடை இரண்டிற்கும் ஒன்றே என்பதால், பிந்தைய காசில் ஆண்டை மாற்ற முனைந்தவரைத் தராசு பிடிக்காவிட்டாலும் விளிம்பும் தண்ணீரும் பிடித்துவிடும். இவையனைத்தும் தேறிய பிறகே அவர் லென்ஸை எடுத்து ஒன்பதின் வாலைப் பார்க்கிறார். செதுக்கப்பட்ட ஒன்பதின் கீழ்ப்பகுதி மூன்றின் கீழ்ப்பகுதியைவிட மெலிந்தும், அருகிலுள்ள தளம் சற்றுக் குழிந்தும் இருக்கும்.

வார்ப்பில் செய்த போலிகளைக் கண்டறிவது இதைவிட எளிது. உருக்கிய உலோகத்தை அச்சுக்குழியில் ஊற்றிச் செய்வதால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் காற்றுக்குமிழ்கள் விட்ட ஊசித்துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இணைப்புத் தழும்பு இருக்கும் அல்லது அதை அராவியெடுத்த தடயமாவது இருக்கும். அமிலத்தாலும் புகையாலும் இதற்குச் செயற்கைக் கருமை ஏற்றி விற்பதும் உண்டு; அப்படிப்பட்ட காசுக்குச் சேகரிப்போர் வைத்திருக்கும் பெயர் “நேத்துப் பொறந்த தாத்தா.” இயற்கையான கருமை பல்லாண்டுகள் எடுத்துப் படிவதால் கைபடும் மேடுகளில் வெளிறியும் எழுத்துகளின் இடுக்குகளில் அடர்ந்தும் இருக்கும், ஏற்றிய கருமை எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

கேலிகளுள் மிகவும் பரவலானதும், தமிழ்நாட்டில் மிகுந்த துன்பத்தோடு தொடர்புடையதும் ராமர் காசு பற்றியது. ஒருபுறம் ராமரும் இலக்குவனும் வில்லேந்தி நிற்பதும், மறுபுறம் பட்டாபிஷேகக் கோலமுமாக அமைந்த இவ்வில்லைகள் ராமடங்கா எனப்படுகின்றன. வழிபாட்டுக்காகவும் யாத்திரிகர் வாங்கிச் செல்வதற்காகவும் செய்யப்பட்ட இவற்றை எந்த அரசும் செலாவணிக்கு வெளியிட்டதில்லை. இவற்றுள் ஒரு பிரிவில் ‘ஈஸ்ட் இண்டியா கம்பெனி’ என்றும், 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும், அரையணா, ஓரணா என்ற மதிப்பும், ‘யுகேஎல்’ என்ற பொருள் விளங்காத எழுத்துகளும் காணப்படும். இவற்றுள் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கும்போது, “ஐயா, இது வனவாசத்துக்கு முன்னாடி அடிச்சதா, பின்னாடி அடிச்சதா?” என்று கேட்பதும், “ஒரு பக்கம் முன்னாடி, மறுபக்கம் பின்னாடி” என்று இன்னொருவர் விடையளிப்பதும் வழக்கம்.

இந்தக் கேலிக்குப் பின்னாலுள்ள வாதம் திடமானது. 1616இல் கம்பெனிக்கு இந்தியாவில் சொந்தமாக நாணயச்சாலை கிடையாது. சூரத்தில் வாணிபம் செய்ய முகலாயரிடம் இசைவு பெற்றுப் பண்டகசாலை நடத்திவந்த காலம் அது. ஓரணா என்ற மதிப்பில் பொதுப் புழக்கத்துக்கான காசு, செம்பு நிக்கல் கலவையில், அலையலையான விளிம்போடு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆகவே ஓரணா 1818 என்ற பொறிப்பு தன் பொய்யைத் தானே அறிவிக்கிறது. எனினும் இவ்வில்லைகள் அனைத்தையும் கள்ளக்காசு என்று ஒதுக்குவது சரியன்று. பக்திப் பொருளாகப் பிறந்தவற்றை ஏமாற்றுப் பொருளாக்கியது பின்னால் வந்த தரகர்கள்.

அத்தரகர்கள் செய்யும் மோசடிகளுள் கொடியது ‘ரைஸ் புல்லிங்’ எனப்படுவது. இத்தகைய காசில் இரிடியம் என்ற அரிய உலோகம் கலந்திருப்பதாகவும், அதனால் அரிசியை அது தன்பால் இழுப்பதாகவும், விண்வெளி ஆராய்ச்சிக்கு வெளிநாட்டார் கோடிகள் கொடுத்து வாங்குவதாகவும் சொல்லி, பரிசோதனைச் செலவு, முன்பணம் என்று இலட்சக்கணக்கில் பறித்த வழக்குகள் தமிழகக் காவல்துறையிடம் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. இரும்புத்தூள் ஏற்றிய அரிசியும் காசோடு மறைத்து வைத்த காந்தமும் இவ்வித்தைக்குப் போதும். இரிடியம் காந்தத்தால் இழுக்கப்படும் உலோகமன்று, அரிசியை இழுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அது கண்டறியப்பட்டதே 1803இல், அதன் உருகுநிலையோ 2,400 பாகை செல்சியசுக்கும் மேல். அப்படிப்பட்ட உலோகத்தை 1616இல் யாரோ உருக்கிக் காசில் கலந்தார் என்று நம்பி நகையை அடகுவைத்தவர்கள் இருக்கிறார்கள். “அரிசி இழுக்குற காசு வீட்டுல இருந்தா ரேஷன் கடைக்கு எதுக்கு அண்ணே போறீங்க?” என்ற கேள்வியை உரிய நேரத்தில் கேட்டுச் சில குடும்பங்களையேனும் நாணய வியாபாரிகள் காப்பாற்றியிருப்பதை இக்கட்டுரையாசிரியர் பெருமையோடு பதிவுசெய்ய விரும்புகிறார். நீண்ட அறிவுரைக்குச் செவிகொடுக்காதவரும் இந்த ஒரு கேள்விக்குத் தயங்கி நிற்கிறார்.

விற்க வருபவர் சொல்லும் கதையையும் தொழில் தெரிந்தவர்கள் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் விலையில் சேர்க்கமாட்டார்கள். “பாட்டி பெட்டியில் இருந்தது” என்று தொடங்கும் கதை அவ்வளவு பழகிப்போனது. “எல்லாப் போலிக்காசுக்கும் ஒரு பாட்டி உண்டு” என்பது அதற்கான மறுமொழி. உண்மையிலேயே பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த நல்ல காசுகளும் உண்டாகையால், கதையைச் சொன்னவர் மனம் புண்படும்படி இதை அவர் முன்னே சொல்லக்கூடாது என்பதும் மூத்தவர்கள் இளையவருக்குக் கற்பிக்கும் நெறி.

காசைச் சோதித்து நல்லது பொல்லது சொல்லும் தொழில் தமிழருக்குப் புதியதன்று. நாணயச் சோதகரை வண்ணக்கர் என வழங்கினர். வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று இத்தொழிற்பெயரைத் தாங்கிய புலவர்கள் சங்கத் தொகைகளில் இடம்பெற்றுள்ளனர். அர்த்தசாத்திரம் ரூபதர்சகன் என்ற பெயரில் காசு ஆய்வாளனைக் குறிப்பிடுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது வெட்டுக்காயம் காணப்படுகிறது. அது சோதனைக்காக இட்டதா, செலாவணியிலிருந்து நீக்குவதற்காக இட்டதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். முகலாயர் கால ரூபாய்களில் சராப்புகள், அதாவது காசு மாற்றுவோர், தாம் சோதித்ததற்கு அடையாளமாகக் குத்திய சிறு முத்திரைகள் நிறைந்திருப்பதும் இதே மரபின் தொடர்ச்சி. அழகு கருதிச் சிலர் இவற்றைக் குறைவாக மதித்தாலும், பழைய சோதகரின் கைச்சான்று தாங்கிய காசே ஆய்வாளருக்கு அதிகம் பேசும்.

போலி செய்வோரிலும் தம் குறியை இட்டவர்கள் உண்டு என்பது இத்துறையின் விந்தைகளுள் ஒன்று. அமெரிக்காவின் 1907ஆம் ஆண்டு இருபது டாலர் உயர்புடைப்புப் பொற்காசைப் போலியாகச் செய்த, இன்றுவரை பெயர் தெரியாத ஒருவர், கழுகின் நகத்துக்குள் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தை மிகச் சிறிதாகப் பொறித்துவிட்டார். 1882ஆம் ஆண்டு மூன்று டாலர் காசின் போலியிலும் ‘ஆர்’ எழுத்தின் வளையத்துக்குள் அதே ஒமேகா இருக்கிறது. வேலைப்பாடு அவ்வளவு தேர்ந்ததாக இருந்ததால், அந்த எழுத்து கண்ணில்படும்வரை அவை நல்ல காசுகளாகவே விலைபோயின. இதற்கு நேர்மாறாக, 1944ஆம் ஆண்டு ஐந்து சென்ட் காசைக் கள்ளத்தனமாக அடித்த நியூஜெர்சிக்காரர் பிரான்சிஸ் ஹென்னிங், போர்க்காலக் காசுகளின் பின்புறத்தில் உள்ள கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேல் பெரிதாக இடம்பெற்ற சாலைக்குறியை இடாமல் விட்டார். குறியில்லாத 1944 காசு இருக்கவே முடியாது என்பதால் அவருடைய கைவேலை சேகரிப்போரிடம் எளிதில் அடையாளப்பட்டது. “ஒருத்தன் போடக்கூடாத குறியைப் போட்டான், இன்னொருத்தன் போடவேண்டிய குறியை விட்டான்” என்று இவ்விருவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கு. ஜெர்மனியில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் இவர்களைவிட ஆற்றல் மிக்கவர். பழங்காலக் காசுகளுக்கு நூற்றுக்கணக்கான எஃகு அச்சுகளைத் தாமே செதுக்கி, அடித்த காசுகளின் புதுமை போக இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியிலிட்டுக் குதிரைவண்டியின் அடியில் கட்டிக்கொண்டு ஊர்சுற்றினார் என்று சொல்லப்படுகிறது. 1830இல் அவர் மறைந்த பின் அந்த அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவருடைய போலிகளை விரும்பித் தேடிச் சேகரிப்போர் இன்றும் இருக்கின்றனர்.

போலியை நல்லதென்று நம்புவதைப் போலவே நல்லதைப் போலியென்று ஒதுக்குவதும் தீங்கானது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த காலத்தில், பத்துக் கோடுகள் உள்ளதே நல்லது, பதினைந்து கோடுகள் உள்ளது கள்ளக்காசு என்ற வதந்தி உலவியது. ரூபாய் சின்னம் 2011இல் காசில் இடம்பெறுவதற்கு முன் வந்தவற்றில் பதினைந்து கோடுகளும், அதன் பின் வந்தவற்றில் பத்துக் கோடுகளும் இருந்தன என்பதே உண்மை. அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிவித்த பிறகும் தயக்கம் நீங்கச் சில ஆண்டுகள் பிடித்தன. எடையையும் ஓசையையும் விளிம்பையும் விட்டுவிட்டுப் பொறிப்பின் ஒரு வேறுபாட்டை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்கியதால் நேர்ந்த இழப்பு அது. அன்றாடக் கூலிக்காரரும் பூ விற்பவரும் அதைச் சுமந்தனர்.

சேகரிப்போர் பலர் தம்மிடம் சேர்ந்த போலிகளை எறிந்துவிடாமல் தனித் தட்டில் வைத்திருப்பார்கள். கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த பாடப்பொருள் வேறில்லை, மேற்சொன்ன கேலிகளில் பாதி அத்தட்டைச் சுற்றிப் பிறந்தவை. ஆனால் சேகரித்தவர் காலமானதும், எது நல்லது எது போலி என்று அறியாத குடும்பத்தார் அனைத்தையும் ஒன்றாகக் கொட்டி விற்றுவிடுவதால், ஒருமுறை பிடிபட்ட போலிகள் மறுபடியும் சந்தைக்கு வந்து வேறொருவரை ஏமாற்றுவதை இத்தொழிலில் இருப்போர் அடிக்கடி காண்கின்றனர். ஆகையால் அத்தகைய தட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், காசு இருக்கும் உறையின்மேல் போலி என்ற சொல்லையும், அதை எப்படிக் கண்டறிந்தார் என்பதையும், தண்ணீரிலும் காற்றிலும் கண்ட எடைகளையும் இன்றே மையால் எழுதிவைத்து, வீட்டில் ஒருவருக்காவது அந்தத் தட்டைக் காட்டி விளக்கிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.